சீட்டாட்டம் ஒரு சீவனோபாயமாகுமா?

சீட்டாட்டம் ஓய்வு நேரத்திற்குரிய விளையாட்டு என்பதே நம்மவரிற் பெரும்பாலார் கருத்து. அதனையே தொழிலாக மேற்கொண்டு, உழவன் வயலுக்கும் குமாஸ்தா கச்சேரிக்கும் செல்வது போல நாள்தோறும் ஆட்ட மேசைக்குச் சென்று, அங்குப் பெறும் வருவாயைக் கொண்டே மனைவி மக்களைக் காப்பாற்றுவோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் உளர் என்றால், அச்செய்தி நமக்கு வியப்பையே அளிக்கும். “அன்னோர் சூதாடிகள் அல்லரோ? சூதைக் கடிதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் பிறந்த நாட்டினராகிய நாம் அவர் வரலாற்றை அறிந்து பெறும் பயன் யாது?” எனச் சிலர் வினவக்கூடும். வினா பொருத்தமானதே. ஆயினும், 2009ஆம் ஆண்டில் 21 வயதே நிரம்பிய ஜோ கேடா என்னும் இளைஞர் ஒரே போட்டியில் 85 இலட்சம் டாலர் பெற்றார் என்பது போன்ற செய்திகள் உலகெங்கும் பரவி இளைஞர் உள்ளத்தைக் கவர்கின்றன. அச்செய்திகளிற் சொல்லப்படுவது எவ்வளவு, சொல்லப்படாது விடப்படுவது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு அறிதல் கற்றார் கடன் அன்றோ? அக்கடனைச் சிறிது ஆற்றுதற்கே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதற்கண் ஆட்டத்தின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். நாம் ஈண்டுக் கருதும் ஆட்டம் போக்கர் எனப்படும். அதன் பல வகைகளுள் இன்று பெருவழக்காய் உள்ளது டெக்சாஸ் நாட்டுப் பெயரால் வழங்கும் ‘டெக்சாஸ் ஹோல்டம்’ என்பது. 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். அவற்றை அவரன்றிப் பிறர் காணார். பின்னர் ஐந்து சீட்டுகள், முதலில் மூன்றும், அடுத்து ஒன்றும், இறுதியில் ஒன்றுமாக, மேசை நடுவில் யாவரும் காணத் திறந்து வைக்கப்படும். அவை எல்லோர்க்கும் பொது. தம் இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்து, அவ்வேழனுள் சிறந்த ஐந்தைத் தெரிந்து கொள்பவருள் யாருடைய சேர்க்கை உயர்ந்ததோ அவரே வென்றவர். சீட்டுகள் வெளிப்படுந்தோறும் பந்தயம் கட்டப்படும். ஒருவர் கட்டிய பந்தயத்திற்கு மற்றையோர் ஈடு கட்டலாம், உயர்த்திக் கட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். மற்றை எல்லோரும் விலகிவிடின், எஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலே பணத்தைப் பெறுவர். ஆகவே வலிய சீட்டு இல்லாதவனும், வலியது உடையவன் போல நடித்துப் பெரும் பந்தயம் கட்டி எதிரியை விலகச் செய்தல் கூடும். சீட்டு வருவது தற்செயல். அதனை வைத்துச் செய்வது அறிவு. இவ்விரண்டும் கலந்ததே போக்கர்.

இனிப் போட்டி முறையைக் காண்போம். வீடுகளிலும் கழகங்களிலும் ஆடும் பணவாட்டத்தில் ஒருவன் வேண்டும்பொழுது அமர்ந்து வேண்டும்பொழுது எழுந்து போகலாம். போட்டியில் அவ்வாறன்று. எல்லோரும் ஒரே நுழைவுக் கட்டணம் செலுத்தி, ஒரே அளவான வில்லைகளைப் பெறுவர். அவ்வில்லைகளுக்கு வெளியே விலை இல்லை. ஆட்டத்தின் அளவுகருவி மாத்திரமே. ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயமாகக் கட்ட வேண்டிய பந்தயம் குறித்த காலத்திற்கு ஒரு முறை உயர்ந்துகொண்டே போகும். அதனால் நல்ல சீட்டு வரும்வரை சும்மா காத்திருப்பவனுடைய வில்லைகள் தாமே கரைந்துபோம். வில்லைகளை முற்றும் இழந்தவன் வெளியேறுவான். இறுதியில் எல்லா வில்லைகளும் ஒருவனிடம் சேரும்வரை ஆட்டம் நிகழும். திரண்ட கட்டணப் பணம் இறுதிவரை நின்ற ஒரு சிலர்க்கே படிப்படியாகப் பங்கிடப்படும். முன்னரே வெளியேறினோர் யாவரும் வெறுங்கையோடு திரும்புவர்.

இத்தகைய போட்டிகளுள் தலைமை வாய்ந்தது அமெரிக்காவில் நெவாடா மாகாணத்து லாஸ் வேகஸ் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் ‘வேர்ல்ட் சீரீஸ் ஆப் போக்கர்’ என்பது. 1970ஆம் ஆண்டில் பென்னி பினியன் என்பவர் தமது ஹார்ஸ்ஷூ என்னும் சூதாட்ட விடுதியில் இதனைத் தொடங்கினார். முதலாண்டில் ஆட்டக்காரர்களே வாக்களித்து ஜானி மாஸ் என்பவரைத் தலைசிறந்தவராகத் தேர்ந்தனர். மறு ஆண்டு முதல் மேற்கூறிய வெளியேற்ற முறை வந்தது. 1972 முதல் தலைமைப் போட்டியின் கட்டணம் 10,000 டாலர் ஆயிற்று. இக்கட்டணம் அரை நூற்றாண்டு கடந்தும் மாறவில்லை. ஆட வருவோர் தொகையோ பெரிதும் மாறிவிட்டது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இவ்வாட்டத்தில் திறமைக்கு இடம் உண்டோ என ஐயுறுவார்க்கு, உண்டு என்றே விடை கூறுவோம். குருட்டு நல்வினையே முழுக் காரணம் ஆயின், பில் ஹெல்முத் என்னும் ஒருவரே இத்தொடரின் பல்வேறு போட்டிகளில் 2023ஆம் ஆண்டளவில் 17 முறை முதற்பரிசுப் பொற்காப்புப் பெற்றிருத்தல் இயலாது. எச்சீட்டை எவ்விடத்தில் ஆடுவது, எதனை விலக்குவது, எதிரியின் பந்தயம் எதனைக் குறிக்கிறது, குறித்த சீட்டு வருதற்கு எத்தனை வாய்ப்பு உண்டு என்பனவற்றை நொடிப்பொழுதில் எண்ணித் துணிதல் பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. எனினும் அத்திறமைக்கு உரிய கூலி எவ்வாறு வருகின்றது என்பதிலேதான் இத்தொழிலின் இடர் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

அதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். கையில் வரக்கூடிய இரட்டைச் சீட்டுகளுள் தலைசிறந்தது ஏஸ் இரண்டு. அது 221 முறைக்கு ஒரு முறையே வரும். எதிரியிடம் அடுத்த சிறப்புடைய ராஜா இரண்டு இருக்க, இருவரும் வில்லைகள் அனைத்தையும் பந்தயம் கட்டினர் என்று கொள்வோம். ஏஸ் உடையவர் நூற்றுக்கு ஏறத்தாழ 80 முறை வெல்வர். எஞ்சிய 20 முறை தோற்பர். இதனினும் இனிய நிலை ஆட்டக்காரனுக்கு அரிது. ஆயினும் ஒரு போட்டியில் இறுதிவரை செல்ல, இத்தகைய நெருக்கடிகள் ஐந்தையேனும் கடக்க வேண்டியிருப்பின் யாது நிகழும்? முதலாவதைக் கடப்போர் நூற்றுக்கு 80, இரண்டாவதையும் கடப்போர் 64, மூன்றாவதில் 51, நான்காவதில் 41, ஐந்தாவதையும் கடந்து நிற்போர் 33 பேரே. ஒவ்வொரு முறையும் பிழையின்றி ஆடி, ஒவ்வொரு முறையும் சிறந்த சீட்டையே வைத்துக்கொண்டு பணம் கட்டினவர்களுள்ளும் மூவரில் இருவர் வீழ்வர் என்பது இதனால் விளங்கும். அவர்கள் வீழ்ந்தது தம் தவற்றால் அன்று. தச்சன் பலகையைச் சரியாக அறுத்தால் பலகை சரியாகவே அமையும். மாணவன் கணக்கைச் சரியாகப் போட்டால் விடை சரியாகவே வரும். இத்தொழிலிலோ செய்வன திருந்தச் செய்தும், நாள் முடிவில் செய்தது திருத்தமா அன்றா என்பதைப் பயனைக் கொண்டு அறிதல் இயலாது.

இனி வரவு செலவைப் பார்ப்போம். தொழில் ஆட்டக்காரர் ஒருவர் ஓராண்டில் 1,000 டாலர் கட்டணமுள்ள 100 போட்டிகளில் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் மட்டும் 1,00,000 டாலர். அவர் வல்லவர் ஆதலின் பரிசாக 1,20,000 டாலர் பெறுகிறார். பயணத்திற்கும் விடுதிக்கும் உணவிற்கும் 15,000 டாலர் செலவு. எஞ்சுவது 5,000 டாலரே. அதுவும் வரி செலுத்துமுன். ஊரார் அவர் பெற்ற 1,20,000 டாலரையே பேசுவர். அத்தொகையில் 40,000 டாலர் ஒரே ஒரு முதற்பரிசாக வந்தது என்றும் கொள்வோம். அவ்விறுதி ஆட்டத்தில் ஒரு சீட்டு மாறி விழுந்து, அவர் முன்னரே வெளியேறி, அப்பரிசு கிட்டாது போயிருப்பின், ஆண்டு முடிவில் அவருக்கு 35,000 டாலர் நட்டம். திறமை அதுவே, உழைப்பும் அதுவே, ஒரு சீட்டே வேறு.

இக்கணக்கு நாம் கற்பித்தது. மெய்யான ஒன்றையும் காட்டுவோம். கனடா நாட்டிற் பிறந்த டேனியல் நெக்ரானு போட்டிப் பரிசுகளால் உலகிலேயே மிகுதியாகப் பெற்றோர் வரிசையில் முன்னணியில் நின்றவர். தம் ஆண்டுக் கணக்கைத் தாமே வெளியிட்ட நேர்மையாளர். 2017ஆம் ஆண்டில் அவர் பெற்ற பரிசுகள் ஏறத்தாழ 28 இலட்சம் டாலர். அவ்வாண்டில் அவர் செலுத்திய நுழைவுக் கட்டணமோ அதனினும் 80,000 டாலருக்கு மேல் மிகுந்திருந்தது. பரிசுப் பட்டியலில் 28 இலட்சம், பெட்டியில் நட்டம்! ஆட்டக்காரர்களின் பெயருக்கு நேரே அச்சிடப்படும் பெருந்தொகைகள் எல்லாம் பெற்றதை மட்டுமே காட்டுவன. கொடுத்ததைக் காட்டுவன அல்ல. இதனை நினைவிற் கொள்ளாது அப்பட்டியலை நோக்குவோர், விளைச்சலை மட்டும் எண்ணி விதையும் கூலியும் எண்ணாத உழவரை ஒப்பர்.

இத்தகைய ஏற்ற இறக்கத்தைத் தாங்கப் பெருமுதல் வேண்டும். அது தம்பால் இல்லாதார் பிறர் முதலை நாடுவர். முதலாளி ஒருவர் கட்டணத்தைச் செலுத்துவார். பரிசு வந்தால் இருவரும் உடன்பாட்டின்படி பங்கிட்டுக் கொள்வர். சில உடன்பாடுகளில், இழந்த கட்டணங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போம். அவை முழுதும் ஈடு செய்யப்பட்ட பின்னரே ஆட்டக்காரருக்குப் பங்கு கிடைக்கும். எனவே, பெரும் பரிசு பெற்றவர் என்று செய்தித்தாள்கள் புகழும் ஒருவர், பழைய இழப்புகள் கழிந்தபின் மிகச் சிறு தொகையோடு வீடு திரும்புதலும் உண்டு.

இத்தொழிலில் மனிதர் வாழ்ந்ததும் வீழ்ந்ததும் எங்ஙனம் என்பதற்கு இருவர் வரலாற்றை எடுத்துக்காட்டுவோம். ஒருவர் டாயில் பிரன்சன். 1933இல் டெக்சாஸ் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, ஹார்டின்-சிம்மன்ஸ் என்னும் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, கூடைப்பந்தில் பெயர் பெற்றவர். தொழிற்சாலையில் வேலை செய்கையில் கால் முறிந்தது; பந்தாட்ட நம்பிக்கையும் அதனோடு முறிந்தது. முதுகலைப் பட்டம் பெற்றும் விற்பனை வேலையில் மனம் செல்லாது சீட்டாட்டத்தையே தொழிலாகக் கொண்டார். அந்நாளில் டெக்சாஸில் அவ்வாட்டங்கள் மறைவில் நடந்தன. கள்வர்க்கும் காவலர்க்கும் ஒருங்கே அஞ்ச வேண்டியிருந்தது. தாமஸ் பிரெஸ்டன், பிரயன் ராபர்ட்ஸ் என்னும் இருவரோடு ஒரே பணப்பை வைத்து ஊர் ஊராகச் சுற்றி ஆடினார். அம்மூவரும் லாஸ் வேகஸ் சென்று பொதுப்பணம் முழுவதையும் இழந்ததும் உண்டு. பின்னர் 1972இல் பிரெஸ்டனும், 1975இல் ராபர்ட்ஸும், 1976, 1977 ஆகிய ஈராண்டுகளில் பிரன்சனும் தலைமைப் போட்டியில் வென்றனர். தம் ஆட்ட நுட்பங்களை நூலாக எழுதி வெளியிட்டு, எதிரிகளுக்கும் ஆசிரியரானார். 2023இல் 89ஆம் வயதிற் காலமானார்.

மற்றொருவர் ஸ்டூ உங்கர். 1953இல் நியூயார்க் நகரிற் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, பள்ளியை விடுத்து, ஜின் ரம்மி ஆடித் தம் தாய்க்கும் தமக்கைக்கும் துணையானார். அவ்வாட்டத்தில் அவரை வெல்வார் இல்லாமையால் அவரோடு ஆட முன்வருவாரும் இல்லாதாயினர். ஆதலின் போக்கருக்கு வந்தார். 1980இல் தலைமைப் போட்டியில் இறுதிவரை நின்று எதிர்த்தவர் மேற்கூறிய பிரன்சனே. அவரை வென்று முதற்பரிசு பெற்றார். 1981இல் மறுபடியும் வென்றார். மதிநுட்பத்தில் இவருக்கு நிகர் இல்லை என்று எதிரிகளே ஒப்பினர். ஆனால் மேசையில் வென்ற பணம் குதிரைப் பந்தயத்திலும் பிற விளையாட்டுப் பந்தயங்களிலும் கரைந்தது. கொக்கேன் என்னும் போதைப் பொருளும் அவரைப் பற்றிக்கொண்டது. 1990இல் தலைமைப் போட்டியின் மூன்றாம் நாளன்று அவர் விடுதி அறையில் நினைவிழந்து கிடந்தார். ஆளில்லா நாற்காலியின் முன் இருந்த அவருடைய வில்லைகள் கட்டாயப் பந்தயத்தாற் சிறிது சிறிதாகக் கழிந்தன. அங்ஙனம் கழிந்தும் ஒன்பதாம் இடத்திற்குரிய பரிசு அவருக்குக் கிட்டியது. அவர் முன்னரே ஈட்டியிருந்த வில்லைகள் அத்துணை!

1997இல் அவர் கையிற் பணம் இல்லை. பில்லி பேக்ஸ்டர் என்னும் நண்பர் 10,000 டாலர் கட்டணம் செலுத்தினார். உங்கர் மூன்றாம் முறையும் வென்றார். பரிசு 10 இலட்சம் டாலர். செலுத்தியவருக்கும் ஆடியவருக்கும் பாதி பாதி. சில திங்களுக்குள் அவர் பங்கு முழுதும் மறைந்தது. மறு ஆண்டும் நண்பர் கட்டணம் செலுத்த முன்வந்தார்; உங்கரோ ஆட்ட மண்டபத்திற்கே வரவில்லை. 1998 நவம்பர் 22ஆம் நாள் லாஸ் வேகஸில் ஒரு சிறு விடுதி அறையில் அவர் இறந்து கிடக்கக் கண்டனர். வயது 45. அவரிடம் எஞ்சியிருந்தது ஏறத்தாழ 800 டாலர். அடக்கச் செலவுக்கு நண்பர்கள் பணம் திரட்டினர். சீட்டறிவில் இருவருள் மிக்கவர் இவரே என்பார் பலர். ஆயின் வென்றதை வைத்துக்கொள்ளும் அறிவு சீட்டறிவினும் வேறு; அதனைச் சீட்டு மேசை யாருக்கும் கற்பிப்பதில்லை.

2003ஆம் ஆண்டில் இத்தொழிலின் முகமே மாறிற்று. டென்னசி மாகாணத்துக் கணக்கர் ஒருவர், 86 டாலர் செலுத்தி இணையத்தில் ஆடிய சிறு போட்டியின் வாயிலாகத் தலைமைப் போட்டியில் இடம் பெற்றார். அவர் பெயர் கிறிஸ் மணிமேக்கர். பணம் செய்வோன் என்னும் பொருளுடைய அது அவரது குடும்பப் பெயரே என்பது வியப்பு. 839 பேர் ஆடிய அப்போட்டியில், சாம் பார்ஹா என்னும் தேர்ந்த ஆட்டக்காரரை இறுதியில் எதிர்த்து, சேர்க்கை எதுவும் அமையாத சீட்டை வைத்துக்கொண்டே அனைத்தையும் பந்தயம் கட்டி அவரை விலகச் செய்தார். அவர் பெற்ற பரிசு 25 இலட்சம் டாலர். “இவரால் இயன்றது நம்மால் இயலாதோ?” என உலகெங்குமுள்ள குமாஸ்தாக்களும் மாணவர்களும் எண்ணினர். மறு ஆண்டே 2,576 பேர் வந்தனர்; 2006இல் 8,773 பேர்; 2024இல் 10,112 பேர். உங்கர் வென்ற 1980ஆம் ஆண்டில் ஆடினோர் 73 பேரே என்பதை இத்தோடு ஒப்பிடுக. 10,112 பேர் ஆடும் போட்டியில், மற்றையோரினும் பத்து மடங்கு வெற்றி வாய்ப்புடைய ஒருவர் இருப்பாராயினும், சராசரியாக ஆயிரம் ஆண்டிற்கு ஒரு முறையே அவர் முதற்பரிசு பெறுவார். மனித வாழ்நாளோ நூறாண்டிற்குட்பட்டது.

ஆதலின் புகழ் பெற்றவர்களுட் பலர் போட்டிப் பரிசை மட்டும் நம்பி வாழ்ந்தாரல்லர். பிரன்சன் பெரும்பாலும் வாழ்ந்தது, வேண்டும்போது எழுந்து போகக்கூடிய பணவாட்டத்தால். மணிமேக்கர் பல்லாண்டுகள் இணைய நிறுவனம் ஒன்றின் தூதராக ஊதியம் பெற்றார். நூல் எழுதுதல், கற்பித்தல், விளம்பரம் செய்தல் ஆகியவற்றால் வாழ்வோரும் உளர். போட்டி அவர்களுக்குப் பெயரைத் தந்தது. சோற்றைத் தந்தது பிறிதொன்று.

இன்னும் ஒன்று கூறி முடிப்போம். உழவன் நெல்லை விளைக்கிறான். நெசவாளி ஆடையை நெய்கிறான். இருவர் உழைப்பாலும் உலகில் முன் இல்லாத பொருள் ஒன்று உண்டாகின்றது. போட்டியிற் பரிசாய் வரும் பணமோ, தோற்றோர் கொணர்ந்த பணமே. அதிலும் நடத்துவோர் பங்கு கழிந்த பின்னரே வெல்வோர் கைக்கு வரும். அமர்ந்தோர் அனைவரையும் ஒருங்கு சேர்த்துக் கணக்கிட்டால் நட்டமே எஞ்சும். ஆகவே ஒருவர் பிழைக்கப் பலர் இழந்தே தீர வேண்டும். அப்பலரும் தம்மை அவ்வொருவராக எண்ணியே வருகின்றனர்.

தலைப்பில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறலாம். சீட்டாட்டம் மிகச் சிலருக்குச் சீவனோபாயம் ஆகும். அச்சிலரும் சீட்டு வல்லமையால் மட்டும் ஆனாரல்லர். செலவை நாள்தோறும் எழுதி, இழப்பைப் பொறுத்து, வென்ற நாளிலும் தோற்ற நாளிலும் ஒரே வகையாய் நடக்கும் மனவடக்கத்தாலேயே ஆயினர். அவ்வளவு கணக்கறிவும், அவ்வளவு பொறுமையும், அவ்வளவு அடக்கமும் ஒருவனிடம் இருக்குமாயின், அவற்றிற்கு நாள் தவறாது கூலி தரும் தொழில்கள் உலகிற் பல உண்டு. பெரும் பரிசுச் செய்தி ஒன்றைக் காணும்போதெல்லாம், “இப்பணத்தைக் கொடுத்தோர் எத்தனை பேர்? இதனைப் பெறுமுன் இவர் கொடுத்தது எவ்வளவு?” என்னும் இரு வினாக்களை நம் மாணவ நண்பர்கள் தம்முள் எழுப்பிக்கொள்வாராயின், இக்கட்டுரை எழுதிய பயன் நமக்குக் கிட்டியதாகும்.